சந்தன நிற உப்பும் நிறம் தெரியாத கேமராவும்

கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கிற டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் ஆளைப் பார்ப்பேன். வீட்டில் வேறு கேமரா இருக்கிறதா, பிழைப்புக்கு வேறு வழி இருக்கிறதா என்று விசாரிப்பேன். இரண்டும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். நாய்க்குக் குளிர்கண்ணாடி மாட்டி அழகு பார்க்கிறவர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். இல்லை என்றால், இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு ஆடி மாதம் எங்கள் ஸ்டூடியோவுக்குள் வந்து உட்கார்ந்த ஒரு கறுப்புச் செங்கல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

ஸ்டூடியோ மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகிற ரோட்டில், சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருந்தது. நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து நடத்தினோம். மச்சான் அதற்கு முன்னால் உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்த்தவன். வெயிலில் கண் கூசிக் கூசி அலுத்துப்போய், இருட்டறை இருக்கிற தொழிலாகப் பார்த்து வந்துவிட்டேன் என்று சொல்வான். எனக்குப் படம் எடுக்க யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு பழைய கேமராவைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டதுதான். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று ஃபிலிம் ரோலில் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் காலம்.

அந்த வருஷம் அது நின்றுபோகிற மாதிரி ஆகிவிட்டது. திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் டிஜிட்டல் வாங்கிவிட்டார். எடுத்த கையோடு பின்னால் திருப்பிக் காட்டுகிறாராம். எங்கள் கடைக்குப் புகைப்படம் எடுக்க வந்த ஒரு அம்மா, எடுத்து முடித்ததும் கேமராவின் முதுகை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுதுல ஒண்ணும் தெரியலியே, கண்ணு போயிடுச்சா அதுக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு முடிவு செய்தோம். இரண்டு வீட்டிலும் இருந்ததைத் திரட்டி ஒரு டிஜிட்டல் கேமரா வாங்குவது. ஒன்றே ஒன்று. அதைத் தப்பாக வாங்கினால் கடைக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் யோசிக்க அவகாசம் இருந்தது. ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் ஒரு பெரிய கல்யாணம். மச்சான் முன்னால் வேலை பார்த்த உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவருடைய மகளின் கல்யாணம். படம் நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். ஊரில் உப்பு சம்பந்தப்பட்ட அத்தனை குடும்பமும் அந்தப் பந்தலுக்கு வரும். அங்கே எங்கள் கையில் புது கேமராவைப் பார்த்துவிட்டால் தை மாதம் வரைக்கும் எங்களுக்குக் கவலையில்லை. பார்க்காவிட்டால் எல்லோரும் திண்டிவனத்துக்குப் போவார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆள் வந்தார்.

முந்தின மார்கழியில் சுனாமி என்று கடல் உள்ளே வந்துவிட்டுப் போனதிலிருந்து எங்கள் பக்கம் கேமராவோடு ஆட்கள் வருவது புதுசு இல்லை. உடைந்த படகு, கிழிந்த வலை, அழுகிற முகம் எதையும் விடமாட்டார்கள். பக்கத்துக் குப்பமான அனுமந்தையில் ஒருவர் சொன்னார்: "அலை கூட ஒருவாட்டி வந்துட்டுப் போயிடுச்சு சார். இவனுங்க தினம் வர்றானுங்க." இவரும் அந்த வகைதான். சொந்த ஊர் சென்னை. தங்கியிருந்தது பாண்டிச்சேரிப் பக்கம் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதி. மனசு எங்கே தங்கியிருந்தது என்று தெரியாது. கதர் ஜிப்பா, வாடகை பைக், கழுத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு கேமரா. பாட்டரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தவர், கேட்காமலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது சாதாரண கேமரா இல்ல ப்ரதர். இதுக்கு கலரே தெரியாது."

"பொறவியிலேயேவா சார்?" என்றேன்.

அவருக்கு என் கிண்டல் எட்டவில்லை. விளக்க ஆரம்பித்துவிட்டார். மற்ற டிஜிட்டல் கேமராவில் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று சல்லடை மாதிரி ஒன்று இருக்கும். வெளிச்சம் அதில் பாதி மாட்டிக்கொள்ளும். இதில் சல்லடையே இல்லை. வெளிச்சம் முழுசாக உள்ளே போகும். அதனால் கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை. வெளிநாட்டு நண்பர் ஒருவர் கொடுத்தது, கம்பெனிக்காரன் கொஞ்சமாகத்தான் செய்தானாம். தான் இப்போது வேறு ஒன்று வாங்கப் போவதால், இதன் அருமை தெரிந்த கையில் கொடுக்கலாம் என்று பார்க்கிறாராம்.

கொஞ்சமாகத்தான் செய்தான் என்றால் அவனுக்கே சீக்கிரம் புத்தி வந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் மச்சான் அதற்குள் கேமராவைக் கையில் வாங்கி, முதுகில் தெரிந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். தாம்புக் கயிற்றின் ஒவ்வொரு நாரும் தெரிந்தது. கிழவர் ஒருவரின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. மச்சான் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை பஜ்ஜியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் பெரியவர்களுக்கு ஒரு பயம் வருமே, அந்தப் பயம்.

"ஒரு வாரம் வச்சிருங்க. எடுத்துப் பாருங்க. அப்புறம் பேசலாம்," என்று செங்கல்லை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார் அவர். கூடவே லென்ஸ் முன்னால் மாட்டிக்கொள்ள ஒரு சிவப்புக் கண்ணாடியும் கொடுத்தார். அதை மாட்டினால் வானம் இருண்டு உப்பு தகதகவென்று நிற்குமாம்.

அவர் தலை மறைந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"டேய் மச்சான், கலர்ல எடுத்து கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனத் தட்டினா கறுப்பு வெள்ளை. இதுல எடுத்தத எந்தப் பட்டனத் தட்டிக் கலராக்குவ?"

"அந்தக் கூர்மை வராது மாமா."

"கூர்மைய வச்சி என்னடா பண்றது, காய் நறுக்கறதா?"

"நீங்க எதுக்கெடுத்தாலும் இப்படித்தான். திண்டிவனத்துக்காரன் வச்சிருக்கிறதையே நாமளும் வச்சிருந்தா நம்மகிட்ட எவன் வருவான்? தனியா தெரியணும் மாமா."

"தனியாத்தான் தெரிவோம். கடையில ரெண்டு பேரு மட்டும் தனியா உக்காந்திருப்போம்."

பேச்சு வீடு வரைக்கும் வந்தது. என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே தம்பியைக் கேட்டாள்: "ஏண்டா, கலர் டிவி வாங்கித் தரலன்னு நான் உங்க மாமாகிட்ட ஒரு மாசம் பேசாம இருந்தவ. நீ என்னடான்னா கறுப்பு வெள்ளைய தேடிப் போறியா? உனுக்கு எல்லாம் பின்னாடிப் பக்கமா வளருதா?"

மச்சான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்துபோனான். ஆனால் மறுநாள் காலையில் செங்கல்லைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் உப்பளத்துக்குப் போய்விட்டான்.

அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தரிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தான். அந்த அம்மாவும் படம் எடுக்கப் போகிறார்கள் என்று, பொங்கலுக்கு எடுத்து உள்ளே வைத்திருந்த கிளிப்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார். உப்புத் தண்ணீர் பட்டால் புடவை பாழாகும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார். மச்சான் எடுத்து, பின்னால் திருப்பிக் காட்டினான். அடுத்த பாத்தி வரைக்கும் கேட்டிருக்கிறது அந்த அம்மாவின் குரல்.

"இன்னாப்பா இது? என்ன போட்டோலயே சாவடிச்சிட்ட! மாலை ஒண்ணுதான் பாக்கி."

எங்கள் பக்கம் கூடத்தில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்கினால், பக்கத்தில் சின்ன பல்பு ஒன்று எரியும், யார் போய்விட்டார்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். உயிரோடு இருக்கிறவரை யாரும் அப்படி மாட்டி வைப்பதில்லை. "பொடவை எங்க? கிளிப்பச்ச கட்டிக்கினு வந்தேன், கரித்துணி கட்டிக்கினு நிக்கிறேன்," என்று அந்த அம்மா சொல்ல, பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, "சும்மா இரு, உன் காரியத்துக்கு இப்பவே ஒரு படம் ரெடியாயிடுச்சு, உன் பையனுக்கு செலவு மிச்சம்," என்று சொல்லியிருக்கிறாள். மச்சான் என்னிடம் இதைச் சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

படத்தை நானும் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், கூர்மை இருந்தது. மணிக்கட்டில் காய்ந்திருந்த உப்புப் பொடி தனித்தனியாகத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு அது வேண்டாம். தினமும் கழுவித் தீராத உப்பை யார் சுவரில் மாட்டி வைத்துக்கொள்வார்கள்? அவருக்கு வேண்டியது புடவை.

அடுத்ததாக மச்சான் கல்யாண வீட்டுக்கே போனான். குத்தகைக்காரர் வீட்டு அம்மாவிடம் செங்கல்லைக் காட்டி, வெளிநாட்டில் எல்லாம் கல்யாணத்தைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கிறார்கள் என்று ஜிப்பாக்காரர் சொன்னதை ஒப்பித்திருக்கிறான். நான் கூடவே போயிருந்தேன், தடுப்பதற்காக. தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"அங்க பொண்ணு வெள்ளத்துணி கட்டிக்குது, மாப்ள கறுப்பு கோட்டு போட்டுக்குறான். அவனுக்கு அதுவே போதும்," என்றார் அந்த அம்மா. "எங்க வீட்டுப் பொண்ணு கூரைப்பொடவ என்ன கலருன்னு நாளைக்கு நாலு பேரு கேட்டா சாம்பல் கலருன்னு சொல்லட்டுமா? தாலிக்கயிறு மஞ்சளா தெரியலன்னா அது என்ன கயிறுப்பா, பம்புசெட்டுக் கயிறா?"

எனக்கு அந்த இடத்திலேயே கும்பிடத் தோன்றியது. சல்லடை, வெளிச்சம், கூர்மை என்று ஜிப்பாக்காரர் அரைமணி நேரம் பேசியதை, காபி ஆற்றிக்கொண்டே ஒரு பெண் முடித்துவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன். மச்சான் எதையாவது ஒன்றைச் செய்து காட்டித் தன் பக்கத்து நியாயத்தை நிரூபிக்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தான். அப்போது குத்தகைக்காரரே கடை வாசலில் வந்து அவனைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, நம்ம அம்பாரத்த ஒரு போட்டோ எடுத்துக் குடேன். மெட்ராஸ் வியாபாரி கேக்குறாரு."

உப்பை வாரி மலை மாதிரி குவித்து வைப்பதைத்தான் அம்பாரம் என்போம். மழை வருவதற்குள் அதை விற்றாக வேண்டும். அந்த வருஷம் விற்பது லேசில்லை. கடல் உள்ளே வந்தபோது பாத்திகளில் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தது. எவ்வளவு வழித்தும் முதல் வருஷ உப்பு வெள்ளையாக வரவில்லை. சந்தனத்தைக் கரைத்துவிட்ட மாதிரி ஒரு நிறம். சாப்பாட்டுக்குப் போகிற உப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். மங்கல் உப்பு கருவாட்டுக்கும் தோல் பதனிடவும் போகும். குத்தகைக்காரர் நேர்மையான ஆள். போனிலேயே வியாபாரியிடம், "உப்பு கொஞ்சம் மங்கலாத்தாங்க இருக்குது," என்று சொல்லியிருந்தார். எதற்கும் ஒரு படம் அனுப்புங்கள் என்று வியாபாரி கேட்டிருக்கிறார்.

எங்களிடம் பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. மச்சான் அதைத் தொடவில்லை. சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செங்கல்லில் எடுத்தான்.

பாண்டிச்சேரியில் ஒரு லேபில் போட்டுக்கொண்டு வந்தான். வந்தவன் முகம் தொங்கிப் போயிருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் காகிதத்தில் அச்சடித்ததில் படம் முழுக்க லேசாக நீலம் ஓடியிருந்தது. மெஷின்காரனிடம் சண்டை போட்டானாம். "எங்க பேப்பர் கலர் பேப்பர். கறுப்பு வெள்ளை கேட்டா இப்படித்தான் வரும். நீ முந்தாநாள் வந்திருந்தா பச்சையா வந்திருக்கும்," என்றானாம் அவன். இவ்வளவு கூர்மையான கேமராவுக்கு நம்ம ஊரில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். சல்லடை இல்லாமல் உள்ளே போன வெளிச்சம் சாயப் பட்டறைக்குப் போய் வெளியே வந்திருந்தது.

படம் என்ன ஆனது என்றால், சிவப்புக் கண்ணாடி அந்தச் சந்தன நிறத்தை வாரிக்கொண்டு, அம்பாரத்தைப் பால் மாதிரி வெளுத்துவிட்டது. வானம் இருண்டு நின்றது. அந்த இருட்டில் லேபின் நீலம் ஏறி, நல்ல ஆகாய நீலமாக ஆகிவிட்டது. பாத்தித் தண்ணீரும் நீலம். நடுவில் பனிமலை மாதிரி எங்கள் ஊர் உப்பு.

குத்தகைக்காரர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"நம்ம அம்பாரமாப்பா இது?"

"ஆமாங்க மொதலாளி."

"எங்க கண்ணுக்கு ஒருநாளும் இப்படித் தெரிஞ்சதில்லையே," என்றவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. தன் பிள்ளையைப் படத்தில் பார்க்கிற எந்தத் தகப்பன் இது இவ்வளவு அழகாக இருக்காது என்று சொல்வான்? நிறத்தைத்தான் போனில் சொல்லியாகிவிட்டதே, படம் குவியலின் அளவைக் காட்டத்தானே என்று நினைத்துக்கொண்டு கூரியரில் போட்டுவிட்டார்.

அங்கே வியாபாரி அதைக் கலர் படம் என்று நினைத்துவிட்டார்.

வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பு நடக்காது. ஒரு தோப்பைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இலை பச்சையாக இல்லாததை வைத்துச் சொல்லிவிடலாம். உப்பளத்தில் என்ன நிறம் இருக்கிறது? வெள்ளை உப்பு, சாம்பல் வரப்பு, மேலே வானம். வானம்தான் நீலமாக இருக்கிறதே! மங்கல் என்று போனில் சொன்னவர் எவ்வளவு அடக்கமான மனுஷர் என்று மெச்சிக்கொண்டு, சாப்பாட்டு உப்புக்கு ஏற்பாடு பண்ணி, லாரியோடு அவரே கிளம்பி வந்துவிட்டார்.

லாரி வந்திருக்கிறது என்று ஆள் வந்து சொல்ல, மச்சானும் நானும் உப்பளத்துக்குப் போனபோது, வியாபாரி படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பின் மேல் நடந்து ஒவ்வொரு அம்பாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குத்தகைக்காரர் பின்னால் போய்க்கொண்டிருந்தார். பெண்கள் வாருபலகையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இந்த அம்பாரம் எங்கய்யா?"

"நீங்க நிக்கிறீங்களே, அதாங்க."

"இது மண்ணு."

"மங்கல்னு சொன்னேனுங்களே."

"சொன்னீங்க. போட்டோல வெள்ளையா இருக்குதே! கலர் போட்டோலயே இப்படி மாத்திக் குடுக்கறீங்களே, கொஞ்சமாவது வெக்கம் வேணாம்?"

மச்சான் முன்னால் போனான். "அது கலர் போட்டோ இல்லீங்க."

"அப்ப வானம் நீலமா இருக்குதே, அது யாரு அடிச்ச பெயிண்டு?"

"அது பாண்டிச்சேரி மெஷினு பண்ண நீலங்க."

கிளிப்பச்சைக்காரம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, "என் பொடவைக்கும் அந்த மெஷினையே காட்டியிருக்கலாமே," என்றார். சிரிப்பு ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் பரவியது. வியாபாரிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. ஊரே சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். படத்தைக் குத்தகைக்காரர் கையில் திணித்துவிட்டு, வெறும் லாரியோடு திரும்பிப் போனார். போகும்போது, இந்த ஊர்ப் பக்கம் இனி யார் படம் அனுப்பினாலும் நம்ப வேண்டாம் என்று மண்டியில் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குத்தகைக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"இத்தினி வருஷம் வாய்ச்சொல்லுல உப்பு வித்தவன்பா நான். ஒரு போட்டோ என்னைப் பொய்யனாக்கிடுச்சு," என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் குடும்பத்தோட வந்து சாப்ட்டுட்டுப் போங்க. படம் எடுக்க வேற ஆளு பாத்துக்கறேன்," என்றார்.

திரும்பி வரும்போது மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். ஏறவில்லை. நானும் ஏறவில்லை. அவன் கழுத்தில் அந்தக் கனம் ஆடிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை இருவரும் பஸ் பிடித்துக் குயிலாப்பாளையம் போனோம். ஜிப்பாக்காரர் விடுதி முற்றத்தில் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சை டீ குடித்துக்கொண்டிருந்தார். மச்சான் செங்கல்லையும் சிவப்புக் கண்ணாடியையும் மேசையில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. இதை நான் இட்டுக்கட்டவில்லை.

"வாவ்! ப்ரதர், இது ப்யூட்டிஃபுல். கறுப்பு வெள்ளைய அவர் கலர்னு நம்பிட்டார்! இதுதான் ஆர்ட்டோட பவர். இத நான் என் எக்ஸிபிஷன்ல படத்துக்குக் கீழ எழுதிக்கலாமா?"

ஒரு மனுஷனின் உப்பு மழைக்காக உட்கார்ந்திருக்கிறது. ஒரு கடை பூட்டுக்காக உட்கார்ந்திருக்கிறது. இவருக்குப் படத்துக்குக் கீழே எழுத ஒரு வரி கிடைத்துவிட்டது. கடலே வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போனாலும், போகிற வீட்டில் வெளிச்சம் நன்றாக விழுகிறதா என்று பார்க்கிற ஆட்கள் இவர்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மச்சான் முந்திக்கொண்டான்.

"எழுதிக்கங்க சார். பக்கத்துல, அந்த உப்ப வாங்க ஆளில்லன்னும் எழுதிக்கங்க."

"லேப் ப்ராப்ளம் அது ப்ரதர், கேமரா மேல தப்பில்ல. நீங்க தனியா ஒரு நல்ல பிரிண்டர் வாங்கிட்டீங்கன்னா..."

"அதுக்கப்புறம் தனியா ஒரு ஊரு வாங்கணும் சார், இந்தப் படம் வேணும்னு சொல்ற ஆளுங்களோட," என்று சொல்லிவிட்டு மச்சான் எழுந்தான். அவன் அக்காவின் வாய் அவனுக்கும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கிருந்தே பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம். கலர் எடுக்கிற, சல்லடை வைத்த, எல்லோரும் வைத்திருக்கிற மாதிரி ஒரு டிஜிட்டல் கேமராவை வாங்கினோம். அதில் எந்தப் பெருமையும் இல்லை. கடைக்காரன் அதை எடுத்துக் கொடுத்தபோது எதுவும் விளக்கவில்லை, நாங்களும் எதுவும் கேட்கவில்லை.

மரக்காணத்தில் இறங்கியதும் நான் கடைக்குப் போகலாம் என்றேன். மச்சான் உப்பளத்துக்குப் போனான். அம்பாரத்தின் முன்னால் நின்று, வெயில் சாய்கிறதுக்குள், ஒரே ஒரு படம் எடுத்தான். மறுநாள் அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு குத்தகைக்காரரிடம் போனான். நானும் போனேன். அவர் வரப்பில் நின்று கீற்று வேய்கிறவர்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். விற்காத உப்பை மழைக்கு மூடுகிற வேலை அது.

"மொதலாளி, இத ஒருவாட்டி பாருங்க."

"இன்னொன்னா? வேணாம்பா."

"பாத்துட்டு கிழிச்சிப் போடுங்க."

அவர் வாங்கி, படத்தை அம்பாரத்துக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். சந்தன நிறம் சந்தன நிறமாக இருந்தது. அடியில் சேறு கொஞ்சம் கூடுதலாகப் படிந்திருந்த இடம்கூட அப்படியே இருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. ஒரு உப்புக் குவியல், அவ்வளவுதான். கீற்று வேய்ந்துகொண்டிருந்த ஒருவர் மேலே இருந்தபடியே எட்டிப் பார்த்து, "ஆமா, இது நம்முளுது," என்றார்.

"ஆம்பூர்ல தோல் மண்டிக்கு அனுப்பிப் பாருங்க மொதலாளி. மங்கலுன்னு நீங்க வாயால சொல்லவே வேணாம்," என்றான் மச்சான்.

குத்தகைக்காரர் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேய்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் ஏதோ பேசினார். நாங்கள் கிளம்புவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றோம்.

"கல்யாணத்துக்குத் திண்டிவனத்தானுக்குச் சொல்லியாச்சு," என்றார், எங்கள் பக்கம் திரும்பாமலே. "சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்."

"சரிங்க மொதலாளி."

"முந்தின நாள் நலங்குக்கு யாருக்கும் சொல்லல. வீட்டம்மாவக் கேட்டுக்கங்க. அவ சரின்னா எனக்கு சரி."

வீட்டம்மா சரி என்றார். அதற்கு முன்னால் மச்சானை அரைமணி நேரம் வைத்துத் திட்டினார். அந்தத் திட்டில் பாதியை என்னால் இங்கே எழுத முடியாது, மீதிப் பாதியை அவன் எழுத விடமாட்டான். நலங்கன்று பெண்ணின் கன்னத்திலும் கையிலும் பூசின மஞ்சளை, பூசினவர்களே அடுத்த நிமிஷம் கேமராவின் முதுகில் பார்த்தார்கள். கிழவிகள்கூட வரிசையில் நின்றார்கள். பந்தி முடிவதற்குள், புரட்டாசி போனதும் ஐப்பசியில் எங்கள் வீட்டில் கல்யாணம் இருக்கிறது என்று இரண்டு வீட்டார் மச்சானிடம் தேதி சொல்லிவிட்டுப் போனார்கள்.